லாவோ குடும்பக் கடையில் சாப்பிடப் போகிறவர்களுக்கு: ஒரு கேள்வியும் தொடர்ந்து எழுதிய குறிப்புகளும்

9 ஜனவரி 2025 (வாசகர் கேள்வி)

"பிப்ரவரி கடைசியில் குடும்பத்தோடு லாவோஸ் போகிறோம். முதலில் வியன்டியன், அப்புறம் ரயிலில் லுவாங் பிரபாங். பெரிய ஓட்டல்களை விட்டுவிட்டு, அந்த ஊர்க் குடும்பங்கள் நடத்தும் சின்னக் கடைகளில் சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. 'எல்லாம் தாய்லாந்துச் சாப்பாடுதான், பெயர் மட்டும் வேறு' என்கிறார் கணவர். உண்மையா? மாமியார் சுத்த சைவம். பையனுக்குப் பத்து வயது, காரம் ஆகாது. இவர்களை வைத்துக்கொண்டு இது நடக்குமா?"

9 ஜனவரி, இரவு

நடக்கும். வேலை காரணமாக நான் வியன்டியனில்தான் இருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணவருக்கு. பாங்காக்கில் அவர் சாப்பிட்ட பப்பாளிக்காய் சாலட், லாப் என்ற கொத்திய இறைச்சி அல்லது மீன் சாலட், மூங்கில் கூடையில் வரும் ஒட்டும் அரிசிச் சோறு மூன்றுமே லாவோ மக்களின் சாப்பாடு. 1820களின் கடைசியில் சயாம் (அன்றைய தாய்லாந்து) படை வியன்டியனை அழித்து, மேக்கோங்கின் கிழக்குக் கரையில் இருந்த மக்களைப் பெருங்கூட்டமாக மேற்குக் கரைக்குப் பெயர்த்துக்கொண்டு போனது. 1893இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஆற்றையே எல்லையாக்கினார்கள். ஒரே மக்கள், நடுவில் ஆறு. இன்று லாவோஸில் இருப்பவர்களைவிடத் தாய்லாந்தின் வடகிழக்கில், இசான் பகுதியில், லாவோ வழிவந்தவர்கள் பல மடங்கு அதிகம். அவர்கள் பாங்காக்குக்குப் பிழைக்க வந்து தள்ளுவண்டியில் விற்றதுதான் பிறகு தாய்லாந்தின் பெயரில் உலகமெல்லாம் போனது. வழியில் சர்க்கரை கூடியது, வேர்க்கடலை சேர்ந்தது, புளித்த மீன் குறைந்தது.

வியன்டியனில் அதே பப்பாளிக்காயை (இங்கே தம் மாக் ஹூங்) கேட்டுப் பாருங்கள். நிறமே வேறு, பழுப்பாக இருக்கும். இனிப்பு பின்னால் எங்கோ இருக்கும். உப்பும் புளிப்பும் மீனும் முன்னால் நிற்கும்.

பையனுக்குக் கவலையே வேண்டாம். பிங் காய் என்று கேளுங்கள். பிளந்த மூங்கில் குச்சியில் கோழியைச் செருகிக் கரியில் சுடுவது. அதோடு ஒரு கூடைச் சோறு. எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

மாமியார் விஷயம் கொஞ்சம் யோசித்து எழுத வேண்டியது. நாளை.

10 ஜனவரி

சைவம் பற்றி.

பௌத்த நாடு, கோயில் ஊர், ஆகவே சைவம் எளிதாகக் கிடைக்கும் என்று நம்மவர்கள் எண்ணிக்கொண்டு வருகிறார்கள். இங்கே தேரவாத பௌத்தம். பிட்சுக்கள் பாத்திரத்தில் விழுந்ததைச் சாப்பிடுவார்கள், அதில் இறைச்சியும் உண்டு. ஊர் மக்கள் இறைச்சி, மீன், தவளை எல்லாம் சாப்பிடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் பாதேக். ஆற்றுமீனை உப்பும் தவிடும் சேர்த்து ஜாடியில் மாதக்கணக்கில், சில வீடுகளில் ஒரு வருடத்துக்கும் மேலாக, புளிக்க வைப்பது. கீரைக் குழம்பு, மூங்கில்குருத்துக் குழம்பு, பப்பாளிக்காய் என்று பார்வைக்குச் சைவமாகத் தெரியும் எதிலும் அது இருக்கும்.

அதனால் மாமியாருக்காக இந்த மூன்று வாக்கியங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "போ சை பாதேக்", "போ சை நம் பா", "போ சை சின்". பாதேக் வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம், இறைச்சி வேண்டாம். மூன்றையும் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் இரண்டாவதை ஊற்றுவார்கள், வஞ்சனையில்லாமல்.

அவர் தைரியமாகக் கேட்கக்கூடியவை: காவ் நியாவ், அதாவது அந்த ஒட்டும் அரிசிச் சோறு. அதில் எதுவும் கலப்பதில்லை. ஜேவ் என்றால் தொட்டுக்கொள்ளும் துவையல். ஜேவ் மாக் குவா, கத்திரிக்காயைக் கரியில் சுட்டுத் தோலுரித்து, சுட்ட மிளகாய், பூண்டோடு உரலில் இடிப்பது. ஜேவ் மாக் லேன், அதே வேலை தக்காளியில். இரண்டிலும் மீன் சாஸ் வேண்டாம் என்று சொன்னால் உப்பு போட்டுத் தருவார்கள். கூடவே ஒரு தட்டு வேகவைத்த காய், ஒரு தட்டு பச்சை இலைகள். தெருவில் காவ் லாம் வாங்கிக் கொடுங்கள்: அரிசி, தேங்காய்ப்பால், பயறு மூன்றையும் மூங்கில் குழாயில் அடைத்து நெருப்பில் வேகவைப்பது. குழாயை வாழைப்பழம் போல உரித்துத் தின்னலாம். வியன்டியனில் சைவ பஃபே கடைகளும் உண்டு, "ஜே" என்று கேட்டால் காட்டுவார்கள். ஆனால் நீங்கள் கேட்டது குடும்பக் கடை. அங்கே நான் சொன்ன ஜேவ்தான் வழி.

உரல் விஷயம் ஒன்று. முந்தைய பப்பாளிக்காய் சாறு உரலில் ஒட்டியிருக்கும். மிகவும் கண்டிப்பானவர் என்றால் கழுவித் தரச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் செய்வார்கள்.

11 ஜனவரி

"பாதேக் வாசனை தாங்குமா" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டில் வளர்ந்தவருக்குத் தாங்கும். மற்றவர்கள் முதல் தடவை சமைத்ததில் சாப்பிடுங்கள், பச்சையாக ஊற்றியதில் வேண்டாம். கொதித்த பிறகு அந்த வாசனை இறங்கி ருசியாக மாறிவிடும்.

15 ஜனவரி

"குடும்பக் கடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாச் சின்னக் கடையும் குடும்பக் கடைதானே?" நல்ல கேள்வி. நீண்ட பதில்.

என் வீட்டுக்குப் பின் சந்தில் ஒரு கடை. பெயரையும் இடத்தையும் பொதுவில் போட மாட்டேன், அவர்களால் சமாளிக்க முடிகிற கூட்டம் அவ்வளவுதான். தனியாகக் கேட்டவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். முன்பக்கம் தகரக் கூரை, நாலைந்து மேசை. பின்னால் வீடு. அடுப்பு வீட்டுக்கும் கடைக்கும் நடுவில். அம்மாதான் எல்லாவற்றுக்கும் மேலே. வருகிறவர்கள் எல்லாருமே அவரை "மே", அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். கடைசி மகள் உரலில். அவள் கணவர் கரியடுப்பில். அப்பா ஐஸ் உடைப்பார், பாட்டில் அடுக்குவார், கணக்கில் தலையிட மாட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த மருமகனை. லாவோ வழக்கப்படி கல்யாணமானதும் பையன்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். மூத்த பெண்கள் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் தனிக்குடித்தனம் போவார்கள். கடைசிப் பெண் பெற்றோரோடு தங்கி அவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்வாள், வீடும் பெரும்பாலும் அவளுக்கே. நம்மூரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார்களே, இங்கே அதுதான் முறை. அதனால் கைப்பக்குவம் தாயிடமிருந்து மகளுக்கு நேராகப் போகிறது, நடுவில் அறுபடுவதில்லை. இந்த அம்மாவுக்கு அவருடைய அம்மா, அதே வீடு, அதே பின்கட்டு, பாதேக் ஜாடி வைக்கும் அதே மூலை. மருமகன் தன் அம்மா வீட்டுச் சமையலைக் கொண்டுவருவதில்லை. கரியடுப்பு மட்டும் அவருக்கு. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் லாப் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பது எனக்கு விளங்கியது.

ஆகவே அடையாளம் இதுதான்: கடையில் ஒரு பெண்மணி சுவை பார்க்கிறாரா, அவர் சொல்லுக்கு மற்றவர்கள் கை அசைகிறதா என்று பாருங்கள். படம் போட்ட பெரிய மெனு அட்டை இருந்தால் அது வெளியாட்களுக்கு எழுதியது. மெனு இல்லாத இடத்தில் அன்று என்ன இருக்கிறது என்று கேட்பதே வழி.

நேரமும் முக்கியம். மதியம் பன்னிரண்டுக்கு அலுவலகங்கள் விட்டதும் கூட்டம் வரும். பதினொன்றரைக்குப் போய்விடுங்கள். ஒரு மணிக்குப் போனால் நல்லது முடிந்திருக்கும், அவர்களும் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்கள் சாப்பிடுவதைப் பாருங்கள். பாய் விரித்து, நடுவில் பிரம்பில் பின்னிய உயரத் தட்டு, அதில் எல்லாக் கிண்ணமும் ஒன்றாக. வரிசையாக வருவது என்ற பேச்சே கிடையாது. லாப், சூப், சுட்ட மீன், ஜேவ், இலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிடும், உங்களுக்கும் அப்படித்தான் வரும். தனித்தட்டுக்கு ஒன்று என்று ஆர்டர் கொடுக்காதீர்கள். நாலு பேருக்கு மூன்று பதார்த்தம், ஒரு சூப், இருவருக்கு ஒரு கூடைச் சோறு போதும்.

கையால் சாப்பிட வேண்டும், அது நமக்கு வசதி. ஆனால் பிசைய முடியாது. சோற்றில் ஒரு சிட்டிகை கிள்ளி, விரல் நுனியில் உருட்டி, ஜேவில் தொட்டு, அல்லது அதைக் கொண்டே ஒரு துண்டு மீனைப் பிடித்து எடுத்து வாயில் போட வேண்டும். குழம்பை ஊற்றிக் குழைத்தால் அந்தச் சோற்றின் அருமை போய்விடும். சாதாரண அரிசிச் சோறு வந்தால் ஸ்பூன். சாப்ஸ்டிக் நூடுல்ஸுக்கு மட்டும்.

முடித்ததும் கூடையின் மூடியைப் போட்டுவிடுங்கள். திறந்து வைத்துவிட்டு எழுந்தால் ஆகாது என்பது நம்பிக்கை. நீங்கள் மூடியதை அந்த அம்மா பார்த்தால் அடுத்த முறை உங்களுக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு.

15 ஜனவரி, இரவு

விட்டுப்போனது. பப்பாளிக்காய் இடிக்கும்போது எத்தனை மிளகாய் என்று கேட்பார்கள். அப்புறம் உரலிலிருந்து ஒரு ஸ்பூன் சாற்றை நீட்டுவார்கள். ருசி பார்த்துச் சொல்ல வேண்டும்: இன்னும் எலுமிச்சை, இன்னும் உப்பு, சர்க்கரை வேண்டாம். வெட்கப்படாமல் சொல்லுங்கள், சொல்லத்தான் நீட்டுகிறார்கள். அஜினமோட்டோ தாராளமாகப் போடுவார்கள், வேண்டாம் என்றால் "போ சை பெங் நுவா".

16 ஜனவரி

பச்சை லாப் சாப்பிடலாமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார், "உள்ளூர் ஆட்கள் சாப்பிடுகிறார்களே" என்றும் சேர்த்திருக்கிறார்.

வேண்டாம். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். மேக்கோங் ஆற்றுமீனில், குறிப்பாகக் கெண்டை இனச் சிறுமீன்களில், ஒபிஸ்தார்கிஸ் விவெர்ரினி என்ற ஈரல் தட்டைப்புழு இருக்கிறது. மீனைப் பச்சையாகவோ அரைகுறையாகப் புளிக்க வைத்தோ சாப்பிட்டால் அது பித்தநாளத்தில் குடியேறி வருடக்கணக்கில் இருக்கும். பித்தநாளப் புற்றுநோய்க்கு அது காரணம் என்பது உறுதியான விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே அதை முதல் வகைப் புற்றுக்காரணியில் சேர்த்தது. லாவோஸிலும் இசானிலும் இந்த நோயில் போனவர்கள் இல்லாத ஊர் குறைவு. உள்ளூர் ஆட்கள் சாப்பிடுகிறார்கள், உள்ளூர் ஆட்களுக்குத்தான் நோயும் வருகிறது.

லாப் கேட்கும்போது "லாப் சுக்" என்று சொல்லுங்கள், வெந்தது. "லாப் திப்" பச்சை. பாதேக்கைக் கொதிக்க வைத்து ஊற்றினால் பயமில்லை. பப்பாளிக்காயில் போடும் சின்ன வயல் நண்டு பச்சை, அதையும் தவிர்க்கலாம். இந்த அம்மாவே தன் பேரக் குழந்தைகளுக்குப் பச்சை மீன் கொடுப்பதில்லை, பள்ளியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்றார்.

லாப் வெந்ததிலும் ஒன்றும் குறையாது. அதன் உயிர் காவ் குவாவில் இருக்கிறது: பச்சை ஒட்டும் அரிசியை வெறும் சட்டியில் நல்ல பழுப்பாகும் வரை வறுத்து உரலில் இடித்த பொடி. பாக்கெட்டில் வாங்கிய பொடி என்றால் வாசனையே இருக்காது. அன்றன்றைக்கு இடித்தது என்றால் கிண்ணம் மேசைக்கு வரும் முன்பே தெரிந்துவிடும். அதோடு எலுமிச்சை, புதினா, கொத்தமல்லி, வெங்காயத்தாள். மாட்டிறைச்சி லாபில் சிலர் பித்தநீர் சேர்த்துக் கசப்பாக்குவார்கள். எனக்கு அந்தக் கசப்பு பிடிக்கும், முதல் தடவை வருகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

28 ஜனவரி

காவ் நியாவ் வீட்டில் செய்து பார்த்தேன், களியாகிவிட்டது என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். குக்கரில் தண்ணீர் கூட வைத்தால் ஒட்டும் என்று யாரோ சொன்னார்களாம். அது சரியல்ல. ஒட்டுவது தண்ணீரால் வருவது கிடையாது, அரிசியே வேறு. நம் அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு இருக்கின்றன. இந்த அரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லை. அதனால் தண்ணீரில் கொதித்தால் கரைந்து களியாகும், ஆவியில்தான் வேகவைக்க வேண்டும்.

அந்த அம்மா செய்யும் விதம்: இரவே ஊற வைப்பார். விடிகாலையில் களைந்து, ஹுவாத் என்ற கூம்பு வடிவ மூங்கில் கூடையில் போட்டு, கழுத்துக் குறுகிய பானையில் தண்ணீர் கொதிக்கும்போது மேலே உட்கார வைப்பார். கூடை தண்ணீரைத் தொடக் கூடாது. பாதியில் கூடையை ஒரு குலுக்கு குலுக்கி மொத்தச் சோற்றையும் புரட்டிப் போடுவார், அதைக் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும். இருபத்தைந்து நிமிடத்துக்குள் வெந்துவிடும். உடனே மரத்தட்டில் கொட்டிப் பரப்பி ஆவியை வெளியேற்றுவார். இதை விட்டால் கூடைக்குள் வியர்த்துக் கீழ்ப்பகுதி நசநசவென்று போகும். ஆவி அடங்கியதும் உருட்டி திப் காவ் கூடையில் வைத்து மூடுவார். காலையில் வைத்தது மதியம் வரை மிருதுவாக இருக்கும். மிச்சத்தை முட்டை தடவிக் கரியில் சுட்டால் மறுநாள் பிள்ளைகளுக்குப் பலகாரம்.

செட்டிநாட்டுக் கவுனி அரிசி சமைத்தவர்களுக்கு ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும் பொறுமை ஏற்கனவே உண்டு. அக்கா, இட்லிப் பானையில் துணி விரித்துச் செய்து பாருங்கள். நான் சென்னையில் அப்படிச் செய்திருக்கிறேன், நன்றாக வந்தது.

6 பிப்ரவரி

லுவாங் பிரபாங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2021 டிசம்பரில் திறந்த ரயிலில் வியன்டியனிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். முன்பு மலைச்சாலையில் ஒரு பகல் முழுக்கப் போகும். ரயில் வந்த பிறகு கூட்டம் பெருகி, பழைய நகரின் நடுத்தெருவில் குடும்பக் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. வாடகை கொடுத்தவர் நடத்துகிறார், வீட்டுக்காரர் வேறெங்கோ இருக்கிறார். 'நம் கான்' என்ற ஆற்றைத் தாண்டி அந்தக் கரைக்குப் போங்கள், அல்லது காலைச் சந்தையை ஒட்டிய சந்துகளில் தேடுங்கள்.

அரச வம்சம் 1975 வரை இருந்த ஊர் என்பதால் சமையலுக்கு ஒரு நிதானம் உண்டு, வியன்டியன் அளவு உறைப்பு இல்லை. அங்கே ஒ லாம் கேளுங்கள். எருமை இறைச்சி அல்லது காய்ந்த எருமைத்தோல், குட்டிக் கத்திரிக்காய், எலுமிச்சைப் புல், சோயிக்கீரை எல்லாம் போட்டு நேரம் எடுத்துக் கொதிக்க வைக்கும் குழம்பு. அதில் சகான் என்று ஒரு கொடித்தண்டைத் துண்டு போட்டிருப்பார்கள். மிளகுக் குடும்பத்துக் கொடி. கண்டந்திப்பிலி ரசம் குடித்தவர்களுக்கு அந்த உறைப்பு உடனே பிடிபடும், இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகள். நாக்கு லேசாக மரக்கும், தொண்டையில் சூடு இறங்கும். மென்று சாற்றை எடுத்துக்கொண்டு சக்கையைத் துப்பிவிட வேண்டும். விழுங்கப் பார்த்த சுற்றுலாப் பயணிகளை அடிக்கடி பார்க்கிறேன்.

காய் பேன் இன்னொன்று. ஆற்றுப்பாசியைக் கழுவித் தட்டி, எள், பூண்டு, தக்காளி தூவி, வெயிலில் தாள் போலக் காயவைத்து எண்ணெயில் ஒரு நொடி போட்டு எடுப்பது. மாமியார் சாப்பிடலாம். ஆனால் தொட்டுக்கொள்ள ஜேவ் பொங் கொடுப்பார்கள், அதில் எருமைத்தோல் துண்டு இருக்கும். அந்த ஜேவை மட்டும் விலக்கி வைக்கச் சொல்லுங்கள்.

'மொக் பா' என்பதையும் மறக்காதீர்கள். மீன், சோயிக்கீரை, எலுமிச்சைப் புல், இடித்த அரிசி, வாழையிலைப் பொட்டலம், ஆவி. இதில் தோற்கிற கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

9 பிப்ரவரி

இழை எங்கெங்கோ போகிறது, இருந்தாலும் நம்மவர்கள் படிப்பதால் இதையும் சொல்கிறேன். வியன்டியன் நடுவில், 'நம் பூ' என்ற நீரூற்றுக்குப் பக்கத்துச் சந்தில் ஜாமியா மசூதி இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையில் லாவோ, அரபியோடு தமிழும் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவர்களுடைய ஆட்சிக்குட்பட்ட நம் கரையோரத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள் வழி அது. வியன்டியனில் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் நடக்க நினைத்தால் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்.

12 பிப்ரவரி

அமெரிக்காவிலிருந்து ஒருவர்: "எங்கள் ஊரில் லாவோ கடையே இல்லை."

இருக்கலாம், வெளியே தாய்லாந்துப் பெயர் மாட்டியிருப்பார்கள். 1975க்குப் பிறகு லாவோஸ் மக்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர் நாட்டை விட்டுப் போனார். மேக்கோங்கைக் கடந்து, தாய்லாந்து முகாம்களில் வருடக்கணக்கில் காத்திருந்து, அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, கனடா என்று பிரிந்தார்கள். அங்கே கடை வைத்தபோது லாவோஸ் என்றால் யாருக்கும் தெரியவில்லை, தாய்லாந்து என்றால் தெரிந்தது. பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும், பலகையில் விற்பதைத்தானே எழுதுவார்கள்.

செங் லுவாங்ராத் என்ற சமையல்காரரின் கதை இதற்குப் பொருத்தம். சிறு வயதில் மேக்கோங்கைக் கடந்து முகாமுக்கு வந்தவர். 2010இல் வர்ஜீனியாவில் பாங்காக் கோல்டன் என்ற தாய்லாந்துக் கடையை வாங்கினார். மெனுவில் இல்லாத லாவோ பதார்த்தங்களைக் கேட்பவர்களுக்கு மட்டும் சமைத்துக் கொடுத்தார். கேட்பவர்கள் பெருகினார்கள். 2014இல் வாஷிங்டனில் திப் காவ் என்றே பெயர் வைத்து லாவோ உணவகம் திறந்தார். மகனும் சமையல்காரராகி அம்மாவோடு சேர்ந்தார். பழைய கடைக்கும் பின்னாளில் பாதேக் என்றே பெயர் மாற்றினார்கள். புளித்த மீனின் பெயரைத் தெருவில் பலகையாக மாட்டும் தைரியம் எனக்கு மிகவும் பிடித்தது.

நீங்கள் உங்கள் ஊர்த் தாய்லாந்துக் கடையில் ஒரு தடவை "தம் மாக் ஹூங், பாதேக்கோடு" என்று கேளுங்கள். கல்லாவில் இருக்கும் அம்மாவின் முகம் பதில் சொல்லும். மின்னியாபொலிஸ், ஃப்ரெஸ்னோ பக்கம் இருந்தால் தேடவே வேண்டாம்.

3 மார்ச்

கேள்வி கேட்ட சகோதரி திரும்பி வந்து எழுதியிருக்கிறார், சந்தோஷம். மாமியார் காவ் லாமும் கத்திரிக்காய் ஜேவுமாகவே ஒப்பேற்றிவிட்டார், பையன் கோழியை விடவில்லை, கணவர் வாதத்தை நிறுத்திவிட்டார். ஆனால் அவர் எழுதிய ஒன்று என்னை யோசிக்க வைத்தது. ஒரு கடையில் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் காட்டி அதுவே வேண்டும் என்று கேட்டார்களாம். அவர்கள் எழுந்து தங்கள் கிண்ணத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டு, காசும் வாங்க மறுத்தார்களாம்.

இங்கே அது நடக்கும். நீங்கள் கேட்டால் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வராது. அதனால் நான் ஜனவரி 15இல் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், மறுநாள் அதைச் சமைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அந்த வேளைச் சாப்பாடு அவர்களுடையது. தாமாகக் கூப்பிட்டு உட்கார வைத்தால் உட்காருங்கள், கொஞ்சம் எடுங்கள், பெரியவர்கள் முதலில் கை வைக்கட்டும். காசு நீட்டாதீர்கள். போகும்போது நாலு பாட்டில் பியர்லாவோவோ ஒரு சீப்பு வாழைப்பழமோ வாங்கிக் கொடுங்கள்.

விலை பேரம் பேசினார் கூட வந்த இன்னொருவர் என்றும் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிப். இப்போது இருபதாயிரத்துக்கு மேல். நமக்கு மலிவாகத் தெரிவது அவர்களுடைய கஷ்டம். எண்ணெய், காஸ், சர்க்கரை பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வருகிறது, எல்லாம் ஏறிவிட்டது. இந்த அம்மா விலையை ஏற்றவே தயங்கினார், வருகிறவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள் என்று. கடைசியில் தட்டில் இறைச்சியைக் குறைக்காமல் விலையைத்தான் ஏற்றினார். அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

18 ஏப்ரல்

தனியாக முகவரி வாங்கியவர்களுக்கு. புத்தாண்டுக்கு, 14 முதல் 16 வரை, மூடியிருந்தது, அது எல்லாருக்கும் தெரியும். இன்னும் திறக்காததற்குக் காரணம் வேறு: கடைசி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இங்கே பிள்ளை பெற்றவளை மூங்கில் கட்டிலில் படுக்க வைத்து, கீழே கரி நெருப்பு மூட்டி, மூலிகை வெந்நீர் குடிக்க வைத்து, பத்தியச் சாப்பாடு கொடுப்பார்கள். அந்த அம்மா இரவும் பகலும் அந்த நெருப்புக்குப் பக்கத்தில்தான். கடையைப் பற்றிக் கேட்டால், "அடுப்பு எங்கே போகும்" என்கிறார்.

நேற்று பாசி சடங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பூவும் வாழையிலையும் கொண்டு கட்டிய கூம்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினோம். மருமகன் கோழி சுட்டார். லாப் இடித்தது மூத்த மகள், தனிக்குடித்தனம் போனவள். அம்மா நெருப்பை விட்டு எழுந்து வந்து ஒரு வாய் ருசி பார்த்து, எலுமிச்சை இன்னும் பிழியச் சொல்லிவிட்டுப் போனார்.

2 மே

திறந்துவிட்டார்கள், ஆனால் காலை மட்டும். காவ் பியாக் சென்: அரிசிமாவும் மரவள்ளி மாவும் பிசைந்து வெட்டிய தடித்த நூடுல்ஸ், கோழிச்சாறு, மேலே வறுத்த பூண்டு. உரலும் கரியடுப்பும் இன்னும் சில வாரங்களுக்கு இல்லை, லாப் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். ஏழு மணிக்குத் தொடங்குகிறார்கள், ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பானை காலியானால் அன்றைய கடை அவ்வளவுதான்.